ஜூரி சொன்ன முடிவை நீதிபதி ரத்து செய்து மறு விசாரணை போட்டால் என்ன அர்த்தம்? (நியூயார்க், மருத்துவ அலட்சிய வழக்கு)

மரக்கிளை:

மனசு ஆறவில்லை, அதனால்தான் இங்கே எழுதுகிறேன். 2018 அக்டோபரில், வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் பொதுமக்கள் குழுவான ஜூரியில் உட்கார எனக்கு அழைப்பு வந்தது. நியூயார்க் மாநில நீதிமன்றம். சிவில் வழக்கு என்பதால் ஆறு பேர்தான் ஜூரி, கூடவே மாற்று ஆட்கள் இரண்டு பேர். மூன்று வாரம் போனது. நாளுக்கு 40 டாலர் படி. பகலில் கோர்ட், ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆபீஸ் வேலை என்று ஓட்டினேன்.

அறுபதைத் தாண்டிய ஓர் அம்மாவின் வழக்கு. குடலில் அறுவை சிகிச்சை. மறுநாள் சாயங்காலத்திலிருந்து வயிற்று வலி, காய்ச்சல், நாடித்துடிப்பு ஏறிக்கொண்டே போகிறது. ராத்திரி நர்ஸ் இரண்டு தடவை டாக்டருக்குப் போன் செய்திருக்கிறார். அவர் வலி மருந்தைக் கூட்டச் சொல்லிவிட்டு, விடிந்த பிறகுதான் நேரில் வந்து பார்த்தார். அதற்குள் குடலில் தையல் போட்ட இடம் விட்டுப்போய் உள்ளே கசிந்து, ரத்தம் வரை தொற்று ஏறியிருந்தது. மறுபடி அறுவை, ஐசியூ, இரண்டு மாதம். பிழைத்துவிட்டார். ஆனால் வயிற்றில் பை கட்டிக்கொண்டுதான் வாழ்கிறார்.

கடைசி நாளில் எங்கள் கையில் ஒரு கேள்வித்தாள் கொடுத்தார்கள். முதல் கேள்வி: அன்று இரவு டாக்டர் நேரில் வராதது, நல்லது என்று ஏற்றுக்கொள்ளப்பட்ட மருத்துவ நடைமுறையிலிருந்து விலகியதா? ஆம், ஐந்து பேர் ஆதரவு, ஒருவர் எதிர்ப்பு. இரண்டாவது: அந்த விலகல் நோயாளியின் பாதிப்புக்குக் கணிசமான காரணமாக இருந்ததா? இல்லை, அதிலும் ஐந்து பேர் ஒரு பக்கம், ஒருவர் எதிர்ப்பு. அதற்குக் கீழே, 'இல்லை என்றால் இத்தோடு நிறுத்தவும்' என்று இருந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம். டாக்டர் பக்கம் ஜெயித்தது, நாங்கள் வீட்டுக்கு வந்துவிட்டோம்.

ஐந்து மாதம் கழித்து, சும்மா வழக்கு எண்ணைப் போட்டு நீதிமன்ற இணையதளத்தில் தேடினேன். எங்கள் முடிவை நீதிபதி ரத்து செய்திருக்கிறார்! புது ஜூரி வைத்து எல்லாம் முதலிலிருந்து. எங்களுக்கு ஒரு கடுதாசி கூட வரவில்லை. அவரும் அதே மூன்று வாரம் அதே சாட்சிகளைத்தானே கேட்டார்? அவருக்கே தெரியும் என்றால் எங்களை எதற்குக் கூப்பிட்டார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குமாஸ்தா_நியூயார்க்:

தம்பி, உங்கள் கோபம் புரிகிறது. நான் பதினாறு வருடமாக மருத்துவர்கள் சார்பில் வாதாடும் வக்கீல் அலுவலகங்களில் வேலை பார்க்கிறேன். நான் வக்கீல் இல்லை, ஆனால் இந்த மனுக்களைத் தட்டச்சு செய்தே கை தேய்ந்தவன்.

நியூயார்க் சிவில் நடைமுறைச் சட்டத்தில் 4404ஆம் பிரிவு இருக்கிறது. ஜூரி முடிவு வந்த 15 நாளுக்குள் தோற்ற தரப்பு மனு போடலாம், நீதிபதி தானாகவும் செய்யலாம். அதில் இரண்டு விதமான அதிகாரம் இருக்கிறது, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒன்று, அந்த முடிவுக்கு ஆதாரமே இல்லை, புத்தியுள்ள எவரும் அந்த இடத்துக்கு வந்திருக்க முடியாது என்றால், நீதிபதி நேரடியாக எதிர்த்தரப்புக்குத் தீர்ப்பு கொடுத்துவிடலாம். இன்னொன்று, ஆதாரம் கொஞ்சம் இருக்கிறது, ஆனால் தராசு ஒரேயடியாக மறுபக்கம் சாய்கிறது. அப்போது அவர் தன் முடிவை வைக்க முடியாது. இன்னொரு ஜூரிக்கு அனுப்பத்தான் முடியும். 1978இல் மாநிலத்தின் உச்சியில் இருக்கும் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு வாழ்த்து அட்டை நிறுவனத்தின் வழக்கில் இந்தக் கோட்டைத் தெளிவாகக் கிழித்தது. இன்றைக்கும் எல்லா மனுவிலும் அந்த வழக்கு வரும்.

உங்கள் வழக்கில் நடந்தது இரண்டாவது வகை. நீதிபதி நோயாளிக்கு ஒரு டாலர்கூடக் கொடுக்கவில்லை. டாக்டர் தோற்றார் என்றும் எழுதவில்லை. ஆறு புது ஆட்கள் வந்து உட்காரட்டும் என்று சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான்.

அப்புறம் 'தப்பு நடந்தது, ஆனால் அதனால் பாதிப்பு இல்லை' என்கிற விடை எங்கள் தொழிலில் அடிக்கடி வரும் ஒன்று. தவறு, காரணம் இரண்டும் தனித்தனிக் கேள்விகள், ஜூரி அப்படிச் சொல்லலாம், தப்பில்லை. ஆனால் சில வழக்குகளில் இரண்டும் பிரிக்க முடியாதபடி பின்னிக் கிடக்கும். முதலாவதற்கு ஆம் என்று சொன்ன பிறகு இரண்டாவதற்கு இல்லை என்று சொல்ல வழியே இருக்காது. அந்த மாதிரி இடத்தில்தான் நீதிபதி கை வைப்பார். உத்தரவு முழுதும் படித்தீர்களா, முதல் பக்கம் மட்டுமா?

காவிரிக்கரை:

நான் மருத்துவர், பென்சில்வேனியாவில் இருக்கிறேன். டாக்டர் பக்கத்திலிருந்தும் ஒருவர் பேச வேண்டும்.

ஜூரி வரை போகும் மருத்துவ அலட்சிய வழக்குகளில் பெரும்பாலும் டாக்டர்தான் ஜெயிக்கிறார். ஆனால் அந்த நாள் வருவதற்கே மூன்று, நாலு வருடம் ஆகும். என்னோடு படித்த ஒருவன் அப்படி ஜெயித்தான், அன்றைக்குத்தான் வருடக்கணக்கில் முதல் தடவையாக நிம்மதியாகத் தூங்கினேன் என்றான். இரண்டு மாதத்தில் நீதிபதி அதை ரத்து செய்தார். ஆஸ்பத்திரியில் வேலை செய்வதற்கான அனுமதியை ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் 'நிலுவையில் வழக்கு உண்டா' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் மறுபடி 'ஆம்' என்று எழுதினான். இன்சூரன்ஸ்காரர்கள் பேசி முடித்துவிடலாம் என்றார்கள். பேசி முடித்தால், கொடுத்த பணத்தின் விவரம் டாக்டர்களுக்காகக் கொடுத்த இழப்பீடுகளைப் பதிந்துவைக்கும் தேசிய மருத்துவர் தரவு வங்கியில் ஏறிவிடும், 1990லிருந்து அப்படித்தான். ஜெயித்திருந்தால் அங்கே ஒரு வரிகூட ஏறியிருக்காது. ஒரு நீதிபதியின் கையெழுத்தில் இவ்வளவும் மாறுகிறது.

நீதிபதிக்கு மருத்துவம் தெரியும் என்று நாம் எதை வைத்து நம்புகிறோம்? 1974இல் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு வழக்கு. நாற்பது வயதுக்குக் கீழே இருந்த ஒரு பெண்ணுக்குக் கண் அழுத்தம் சோதிக்கவில்லை, கடைசியில் பார்வையில் பெரும்பகுதி போய்விட்டது. அந்த வயதில் வழக்கமாகச் சோதிப்பதில்லை என்று இரண்டு தரப்பு நிபுணர்களும் ஒத்துக்கொண்டார்கள். ஜூரி டாக்டர்கள் பக்கம் நின்றது. மாநில உச்ச நீதிமன்றம், அது எளிய சோதனை, ஆபத்தில்லாதது, செய்திருக்க வேண்டும், அலட்சியம்தான் என்று தானே முடிவு கட்டி, பணம் எவ்வளவு என்பதற்கு மட்டும் மறு விசாரணைக்கு அனுப்பியது. மொத்த மருத்துவத் துறையும் ஒரு மாதிரி நடக்கும்போது, சட்டம் படித்தவர்கள் அதை மாற்றி எழுதினால் நாங்கள் எதை நம்பி வேலை செய்வது? அமெரிக்க அரசியல் சட்டத்தில் ஏழாவது திருத்தம் என்று ஒன்று இருக்கிறதே, ஜூரி தீர்மானித்ததை யாரும் தொடக் கூடாது என்று, அது எதற்கு இருக்கிறது?

குமாஸ்தா_நியூயார்க்:

டாக்டர், அந்தக் கண் வழக்கு விதிவிலக்கு. அடுத்த வருடமே வாஷிங்டன் சட்டமன்றம் அதைக் கட்டுப்படுத்தச் சட்டம் போட்டது. பிற மாநிலங்கள் பெரும்பாலும் அந்த வழியில் போகவில்லை.

ஏழாவது திருத்தம், 1791, கூட்டாட்சி நீதிமன்றங்களுக்கு, அதாவது மத்திய அரசின் நீதிமன்றங்களுக்கு மட்டும்தான். மாநிலங்களுக்கு அவரவர் அரசியல் சட்டம். அந்தத் திருத்தத்திலேயே பாருங்கள், ஜூரி தீர்மானித்த சங்கதியைப் பொதுச்சட்ட விதிகளின்படி அல்லாமல் வேறு வழியில் மறுபடி ஆராயக் கூடாது என்றுதான் இருக்கிறது. பொதுச்சட்டம் என்றால் இங்கிலாந்து நீதிமன்றத் தீர்ப்புகளால் வளர்ந்த பழைய சட்டம், அதிலேயே மறு விசாரணை இருந்தது. இங்கிலாந்தில் 1655இல் அவதூறு வழக்கு ஒன்றில் ஜூரி 1500 பவுண்டு கொடுக்க, அது அளவுக்கு மீறிய தொகை என்று நீதிபதிகள் வேறு ஜூரியிடம் அனுப்பினார்கள்.

மரக்கிளை தம்பிக்கு இதைச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் என்ன வழி இருந்தது தெரியுமா? ஜூரி தப்பான முடிவு கொடுத்ததாகத் தோன்றினால், இன்னொரு பெரிய ஜூரியைக் கூட்டி, முதல் ஜூரியின் மேலேயே வழக்கு நடத்துவார்கள். தப்பு என்று ஆனால் அந்த ஆட்களின் சொத்து போகும், ஜெயில்கூட உண்டு. 1670இல் லண்டனில், இரண்டு பேரைக் குற்றவாளி என்று சொல்ல மறுத்ததற்காக ஜூரியைச் சோறு தண்ணீர் இல்லாமல் பூட்டிவைத்து அபராதமும் போட்டார்கள். கட்ட மறுத்து ஜெயிலுக்குப் போன ஜூரியை ஒரு தலைமை நீதிபதி விடுவித்தார். அதற்குப் பிறகு முடிவுக்காக ஜூரியைத் தண்டிக்க முடியாது என்று ஆகிவிட்டது. அப்படியானால் முடிவு நிஜமாகவே கோணலாக இருந்தால் என்ன செய்வது? ஆட்களை விட்டுவிட்டு முடிவை மட்டும் திருப்பி அனுப்பு. உங்களை யாரும் அவமானப்படுத்தவில்லை, தம்பி.

ராத்திரி_ஷிப்ட்:

ஐசியூ நர்ஸ், டெக்சாஸ். சட்டம் தெரியாது. ராத்திரி இரண்டு தடவை போன் செய்த அந்த நர்ஸை நினைத்துக்கொண்டே படித்தேன். நாடி 100, 112, 124 என்று ஏறும்போது நாங்கள் எழுதும் ஒவ்வொரு வரியும் பின்னால் ஒரு நாள் கோர்ட்டில் பெரிய திரையில் வரலாம் என்று சொல்லித்தான் எங்களுக்குப் பயிற்சி கொடுப்பார்கள். மறு விசாரணை என்றால் அவரும் மறுபடி கூண்டில் ஏறி அதே ராத்திரியைச் சொல்ல வேண்டும், இல்லையா? வருடங்கள் கழித்து, அதே வார்த்தையில்? ஒரு வார்த்தை மாறினாலும் முதல் விசாரணையில் பதிவானதை எடுத்து நீட்டுவார்களே.

குமாஸ்தா_நியூயார்க்:

ஆமாம் அம்மா, அதுதான் நடக்கும். இரண்டாவது விசாரணையில் எல்லா வக்கீலும் முதல் விசாரணையின் பதிவைக் கரைத்துக் குடித்துவிட்டுத்தான் வருவார்கள்.

செம்பருத்தி:

நான் நோயாளி குடும்பம். நியூஜெர்சி. ஆஸ்பத்திரி பெயர் வேண்டாம்.

எங்கள் அம்மாவின் வழக்கில் ஜூரி எங்கள் பக்கம் முடிவு கொடுத்தது, 2012இல். தொகை கேட்டு அப்பா நாற்காலியிலேயே அழுதுவிட்டார். ஒன்றரை மாதம் கழித்து நீதிபதி, தப்பு நடந்தது சரி, ஆனால் வலிக்கும் வேதனைக்கும் கொடுத்த தொகை அதிகம் என்றார். பாதிக்கும் குறைவான ஒரு தொகையைச் சொல்லி, இதற்குச் சம்மதித்தால் வழக்கு முடிந்தது, இல்லாவிட்டால் தொகைக்கு மட்டும் மறு விசாரணை என்றார். தான் வக்கீலாக இருந்த காலத்திலும் நீதிபதியாகவும் பார்த்த வழக்குகளில் இவ்வளவு வந்ததில்லை என்பதுதான் அவர் சொன்ன காரணம்.

முடிவு சொல்ல எங்களுக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. அப்பாவுக்கு 74 வயது. மறு விசாரணை என்றால், அம்மா கடைசி பதினோரு நாள் எப்படி இருந்தார் என்று அவர் மறுபடி அந்நியர்கள் முன்னால் சொல்ல வேண்டும். முதல் தடவை சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. நான் போராடலாம் என்றேன், தம்பி வேண்டாம் என்றான். அப்பா ஒன்றும் பேசாமல் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

மறு விசாரணை என்றால் 'ஆறு புது ஆட்கள் வந்து உட்காரட்டும், அவ்வளவுதான்' என்று இங்கே எழுதுகிறீர்கள். எங்கள் வீட்டில் அது ஒரு மிரட்டலாகத்தான் வந்து இறங்கியது.

குமாஸ்தா_நியூயார்க்:

செம்பருத்தி அக்கா, உங்கள் பதிவைப் படித்த பிறகு வெகுநேரம் எதுவும் எழுத வரவில்லை. நீங்கள் சொல்வது உண்மை. தொகையைக் குறைக்கும் இந்த முறையில்தான் நீதிபதியின் கை மிக நீளமாக நீள்கிறது. காகிதத்தில் பார்த்தால் நோயாளி தரப்புக்குத் தேர்வு உண்டு. கூட்டாட்சி நீதிமன்றத்தில் அந்தத் தேர்வைக் கொடுக்காமல் தொகையைக் குறைக்கவே கூடாது என்று 1998இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் குறைத்ததை ஏற்றுக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டால், பிறகு அதை எதிர்த்து மேல்முறையீடு கிடையாது என்று 1977இலேயே சொல்லிவிட்டார்கள். வயதானவர்கள், பணம் உடனே தேவைப்படுகிறவர்கள் என்ன செய்வார்கள்? கையெழுத்துத்தான்.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். உங்களுக்குச் சொன்ன அதே காரணத்தை, அதாவது நீதிபதி தன் சொந்த அனுபவத்தையும் மற்ற வழக்குகளில் கொடுத்த தொகைகளையும் வைத்து அளப்பதை, நியூஜெர்சி உச்ச நீதிமன்றம் 2016இல் கூடாது என்று நிறுத்திவிட்டது. ஒவ்வொரு நோயாளியும் ஒவ்வொரு மாதிரி, ஒருவருடைய வலியை இன்னொருவருடைய தொகையோடு ஒப்பிட முடியாது என்பதுதான் சாரம். உங்களுக்கு நாலு வருடம் தாமதம். நியூயார்க்கில் இன்னும் ஒப்பிடத்தான் செய்கிறோம். 'நியாயமான இழப்பீட்டிலிருந்து கணிசமாக விலகியிருக்கிறதா' என்பதுதான் இங்கே அளவுகோல். அதற்காகவே பழைய தொகைகளைப் பட்டியல் போட்டு மனுவோடு சேர்ப்போம். அந்தப் பட்டியல்களை நானே எத்தனையோ செய்திருக்கிறேன். தையல், தழும்பு, கால், கர்ப்பப்பை, பக்கத்தில் ஒரு தொகை. உங்கள் பதிவுக்கு அப்புறம் அதை அதே கையால் செய்வது கஷ்டம்.

காவிரிக்கரை:

செம்பருத்தி, மன்னிக்கவும். நான் டாக்டரின் தூக்கத்தைப் பற்றி மட்டும் எழுதினேன்.

குமாஸ்தா ஐயா, நீதிபதி காரணம் சொல்லித்தான் ஆக வேண்டுமா? மாநிலத்துக்கு மாநிலம் மாறுமா?

குமாஸ்தா_நியூயார்க்:

நிறைய மாறும். டென்னசியில் நீதிபதியைப் பதின்மூன்றாவது ஜூரி என்றே சொல்வார்கள். அவரும் சாட்சியத்தைத் தானே எடைபோட்டுப் பார்க்க வேண்டும், மனசுக்கு ஒப்பவில்லை என்றால் மறு விசாரணை கொடுத்தே ஆக வேண்டும். பென்சில்வேனியாவில், அதாவது உங்கள் ஊரில், நேர் எதிர். முடிவு நியாய உணர்வையே அதிரவைக்கிற அளவுக்கு இருந்தால்தான் தொடலாம். கலிபோர்னியாவில் நீதிபதிக்குப் பரந்த அதிகாரம் உண்டு, ஆனால் எந்த அடிப்படையில், என்ன காரணத்துக்காக என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். உத்தரவில் காரணம் இல்லையென்றால் பத்து நாளுக்குள் தனியாக எழுதித் தாக்கல் செய்ய வேண்டும். என்னைக் கேட்டால் அந்த எழுத்துதான் முக்கியம். 'சாட்சியத்தின் எடைக்கு முரணானது' என்று ஒரே வரியில் முடியும் உத்தரவுகளையும் பார்த்திருக்கிறேன். எந்தச் சாட்சி, எந்தப் பக்கம், எந்தப் பதில் என்று இருபது பக்கம் எழுதியதையும் பார்த்திருக்கிறேன். தோற்றவர்கள்கூட இரண்டாவதைப் படித்துவிட்டு அமைதியாவார்கள்.

மரக்கிளை:

நேற்று ராத்திரி உத்தரவு முழுவதையும் உட்கார்ந்து படித்தேன். முதல் தடவை கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடியிருக்கிறேன்.

டாக்டர் தரப்பு நிபுணரின் குறுக்கு விசாரணையை வரிவரியாக எடுத்துப் போட்டிருக்கிறார். 'கசிவு இருந்தால் ஒவ்வொரு மணி நேரமும் தொற்று பரவும் என்பதை ஒப்புக்கொள்கிறீர்களா?' 'ஆம்.' 'இரவு இரண்டு மணிக்குத் திறந்திருந்தால், காலை பத்து மணிக்கு இருந்ததைவிடத் தொற்று குறைவாக இருந்திருக்கும்?' 'குறைவாக இருந்திருக்கும்.' இதை டாக்டருக்காக வந்த சாட்சியே சொன்னார். அதைக் கேட்டபோது நான் இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், நன்றாக நினைவிருக்கிறது. ஆக, வராதது தப்பு என்று ஏற்றுக்கொண்ட பிறகு, அந்த எட்டு மணி நேரத்தால் ஒன்றுமே ஆகவில்லை என்று சொல்ல இரண்டு பக்கத்திலும் ஒரு சாட்சி கூட இல்லை என்று நீதிபதி எழுதியிருக்கிறார்.

இனி எழுதப்போவதை இதுவரை வீட்டில்கூடச் சொல்லவில்லை. அந்த 'ஆம், இல்லை' எங்களுக்கு யோசித்து வந்தது இல்லை. இரண்டு நாள் அந்த அறையில் இருந்தோம். மூன்று பேர் டாக்டர் மேல் தப்பே இல்லை என்றார்கள். நானும், பஸ் ஓட்டும் ஓர் அம்மாவும், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவரும் தப்பு, அதனால்தான் இவ்வளவும் என்றோம். வியாழக்கிழமை நாலு மணி. ஒருவருக்கு மறுநாள் விமானம். அப்போது யாரோ சொன்னார்கள், முதல் கேள்விக்கு ஆம் போடுவோம், டாக்டருக்கு ஒரு பாடமாக இருக்கட்டும். இரண்டாவதுக்கு இல்லை போடுவோம், யார் பணமும் போகாது. எனக்கு அது நியாயமாகக்கூடத் தோன்றியது. பஸ் ஓட்டும் அம்மா கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தலையாட்டினார். ஆசிரியை மட்டும் கடைசி வரை மாற்றிக்கொள்ளவில்லை, இரண்டாவது கேள்வியில் எதிர்த்தவர் அவர்தான். ஐந்து பேர் போதும் என்பதால் நாங்கள் அவரைச் சம்மதிக்க வைக்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

உள்ளே நடந்தது எதுவும் நீதிபதிக்குத் தெரியாது. சாட்சியத்தையும் எங்கள் இரண்டு விடைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தே இது இப்படி வந்திருக்க முடியாது என்று கண்டுபிடித்திருக்கிறார்.

இப்போது நான் அந்தக் குடும்பத்தின் வக்கீலிடம் போய் இதைச் சொல்ல வேண்டுமா? அன்றைக்கே யாராவது எங்களிடம், இது பொருந்தவில்லை, மறுபடி யோசியுங்கள் என்று திருப்பி அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

குமாஸ்தா_நியூயார்க்:

தம்பி, முதல் கேள்விக்குப் பதில்: சொன்னாலும் பயன்படாது. ஜூரி அறைக்குள் எப்படி முடிவுக்கு வந்தோம் என்று ஜூரியில் இருந்தவர்கள் சொல்வதை வைத்து முடிவை உடைக்க முடியாது, கூட்டாட்சியிலும் இங்கேயும் அதுதான் விதி. வெளியாள் யாராவது குறுக்கிட்டிருந்தால் வேறு கதை. கொலராடோவிலிருந்து போன ஒரு கிரிமினல் வழக்கில், ஜூரியில் ஒருவர் அறைக்குள் இன வெறுப்பை வெளிப்படையாகக் காட்டிப் பேசினார் என்று மற்ற ஜூரி ஆட்கள் சொன்னதற்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2017இல் ஒரு கதவு திறந்தது. பேரம் பேசியதற்கு அப்படி எதுவும் கிடையாது. உங்கள் வழக்கில் அது தேவையும் இல்லை, மறு விசாரணை ஏற்கெனவே வந்துவிட்டது.

இரண்டாவது கேள்விதான் முக்கியம். விடைகள் முரண்படுகின்றன என்று வக்கீல் ஆட்சேபித்தால், நீதிபதி கூடுதலாக விளக்கிச் சொல்லி உங்களை அறைக்குத் திருப்பி அனுப்பியிருக்கலாம். ஆனால் ஜூரியைக் கலைப்பதற்கு முன்னால் ஆட்சேபிக்க வேண்டும். அந்த இரண்டு நிமிடத்தில் எழுந்து நிற்காவிட்டால் அந்த வாதம் போய்விடும், பிறகு முடிவு சாட்சியத்தின் எடைக்கு முரணானது என்கிற வாதம்தான் மிச்சம். தோற்ற அதிர்ச்சியில் அந்த இரண்டு நிமிடத்தைத் தவறவிட்ட நல்ல வக்கீல்களை எனக்குத் தெரியும்.

மருத்துவ வழக்கு இல்லை என்றாலும் ஒன்று சொல்கிறேன். மொன்டானாவில் ஒரு கார் விபத்து வழக்கு. மருத்துவச் செலவு 10,136 டாலர் என்பதை எதிர்த்தரப்பே ஒத்துக்கொண்டிருந்தது. ஜூரி பூஜ்யம் என்று எழுதிக் கொடுத்தது. நீதிபதி நன்றி சொல்லி அனுப்பிவிட்டார். சில நிமிடத்தில் இது சட்டப்படி நிற்காதே என்று உறைத்து, ஜூரியைத் திரும்பக் கூட்டிவரச் சொன்னார். பெரும்பாலானவர்கள் இன்னும் கட்டடத்துக்குள்ளேயே இருந்தார்கள். யாரிடமாவது வழக்கைப் பற்றிப் பேசினீர்களா என்று எல்லோரையும் சேர்த்துக் கேட்டு, இல்லை என்று உறுதியான பிறகு மறுபடி உட்காரவைத்தார். 15,000 டாலர் என்று மாற்றி எழுதினார்கள். 2016இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. சில நிமிடம் பிந்தியும் முழு மறு விசாரணை தவிர்ந்தது.

ராத்திரி_ஷிப்ட்:

அந்த ஆசிரியையிடம் இதைச் சொல்லுங்கள் மரக்கிளை. அவருக்கும் ஒரு கடுதாசி வந்திருக்காது.

செம்பருத்தி:

மரக்கிளை, நீங்கள் எழுதியதற்கு நன்றி. எனக்கு முதலில் கோபம் வந்தது, மறைக்கவில்லை. எங்கள் ஜூரியில் இருந்தவர்கள் எங்களைப் பற்றி உள்ளே என்ன பேசினார்கள் என்று ஏழு வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஒன்று மட்டும் கேட்கட்டுமா? அந்த நர்ஸ் எழுதிய குறிப்பை நீங்கள் உள்ளே எடுத்துப் பார்த்தீர்களா? எங்கள் வழக்கிலும் அப்படி ஒரு தாள் இருந்தது. அதை யாராவது கையில் எடுத்துப் படித்தார்களா என்பதுதான் அப்பா கடைசி வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

மரக்கிளை:

படித்தோம் அக்கா. முதல் நாளே சீட்டு எழுதிக் கேட்டு வாங்கினோம். மேசையைச் சுற்றி ஒவ்வொருவர் கையிலும் போய்வந்தது. இரவு 1.50, 'நோயாளி வயிற்றைத் தொட விடவில்லை, மருத்துவருக்குத் தெரிவிக்கப்பட்டது.' 3.35, அதே வரி மறுபடி, 'மீண்டும்' என்கிற வார்த்தைக்குக் கீழே ஒரு கோடு. பஸ் ஓட்டும் அம்மா அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு, இவள் எவ்வளவு பயந்திருப்பாள் என்று கேட்டார். அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. வியாழக்கிழமை நாலு மணிக்கும் அந்தத் தாள் மேசை மேலேதான் இருந்தது.